பெயர் இல்லாத முந்நூறு பக்கம்

முத்திரையைக் கீழே வையுங்கள் அம்மா. அந்தப் புத்தகத்தில் இன்றைய தேதியைக் குத்திவிடாதீர்கள். கொஞ்ச நேரம் நான் சொல்வதைக் கேளுங்கள். அதற்குப் பிறகு குத்துவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஆமாம், வியாழக்கிழமை சாயங்காலம் அதைத் திருப்பிக் கொடுத்தவள் நான்தான். அன்றைக்கு நீங்கள் விடுப்பு. உங்கள் உதவியாளர் அட்டையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. நேற்று வெள்ளி, நூலகத்துக்கு விடுமுறை. இன்றைக்கு நீங்கள் வந்து பூட்டைத் திறக்கும் முன்பே நான் படியில் உட்கார்ந்திருந்தேன். பேப்பர் படிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள்.

உங்களை மேடம் என்று கூப்பிட மாட்டேன். கலெக்டரையே அப்படிக் கூப்பிட்டதில்லை. தோழர் என்றால் உங்களுக்குச் சங்கடம். அம்மா என்றே இருக்கட்டும், வயதில் நீங்கள் என் மகள் மாதிரி இருந்தாலும்.

நீங்கள் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அதுவும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து. அதனால் நான் யார் என்று தெரியாது. பூரணம் என்றால் ஒரு காலத்தில் மூன்று தாலுகாவுக்குத் தெரியும். தீப்பெட்டித் தொழிலாளர் சங்கத்தில் முப்பது வருடம் இருந்தேன். நான்கு தடவை சிறைக்குப் போனேன். இப்போது சங்க அறையில் ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, நான். விசிறியும் ஓடாது.

என் பேச்சு இப்படி ஏட்டில் எழுதினது மாதிரி வருகிறதே என்று பார்க்கிறீர்கள். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைதான் போனேன். அதற்கு மேல் எனக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது துண்டறிக்கை. முதலில் மற்றவர்கள் எழுதினதைச் சத்தம் போட்டு வாசித்தேன். பிறகு நானே எழுதினேன். ஆவுடையப்பன் அச்சகத்தில் புரூஃப் திருத்துவதும் நான்தான். ஒரு சிவப்புப் பேனா எப்போதும் என் பையில் கிடக்கும். இன்றைக்கும் கிடக்கிறது. வேண்டாத சனியன்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன்.

'கந்தகக்காரி' என்று ஒரு நாவல் வந்திருக்கிறது, தீப்பெட்டி ஆபீஸ் பெண்ணைப் பற்றியது என்று வாசகர் வட்டத்தில் யாரோ சொன்னார்கள். ஆபீஸ் என்றால் இங்கே தொழிற்சாலை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். நான் உடனே வந்து உங்களிடம் சொல்லி வைத்தேன். ஒருவர் எடுத்துப் போயிருக்கிறார், வந்ததும் தருகிறேன் என்றீர்கள். நான் தினமும் வந்து கேட்டேன். நீங்கள் அந்த ஆளுக்குப் போன் போட்டு வரவழைத்து வாங்கிக் கொடுத்தீர்கள். ஞாபகம் இருக்கிறதா? அதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

அம்மா, எழுபத்தோரு வயதில் ஒரு நாவலுக்காக நான் அப்படிக் காத்திருந்தது எனக்கே வெட்கமாக இருந்தது. எங்கள் கதையை ஒருத்தர் எழுதியிருக்கிறார்! விடியாத இருட்டில் ஆபீஸ் வண்டி வந்து ஹாரன் அடிக்கிறதை, தூக்கத்தோடு பிள்ளைகள் ஏறுகிறதை, குச்சி அடுக்கி அடுக்கி விரல் நுனி தேய்கிறதை, நாற்பத்தேழு நாள் வேலைநிறுத்தத்தை. இதெல்லாம் இருக்கும் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

என்ன இருந்தது? ஒரு பெண். அவளை ஆபீஸ் கணக்கப்பிள்ளை கெடுத்துவிடுகிறான். அவள் கொலைகாரி ஆகிவிடுகிறாள். முதலில் அவன். பிறகு ஊர் ஊராகப் போய் அவனை மாதிரி இன்னும் நான்கு பேர். ஒவ்வொரு பிணத்தின் சட்டைப்பையிலும் எரிந்த தீக்குச்சி ஒன்று. ஒரு இன்ஸ்பெக்டர், மீசைக்காரர், அவளைப் பிடிக்க வந்து மலைத்துப் போய் நிற்கிறார். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். இவ்வளவுதான்.

ஊர் ஊராகப் போனாளே, பஸ் காசுக்கு எங்கே போனாள்? கைப்பிள்ளை இருக்கிறது என்று இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. பிறகு அந்தப் பிள்ளையைக் காணோம். யார் பார்த்துக்கொண்டார்கள்? அவளுக்குப் பசிக்கவே இல்லை. கால் வலிக்கவே இல்லை. ஆபீஸில் முந்நூறு பெண்கள் வேலை செய்கிறார்கள், அவர்களுக்குக் கதையில் ஒரே வேலை, மூலையில் நின்று அழுவது. சங்கம் என்ற சொல் ஒரு இடத்தில் வருகிறது. அது கல்யாணம் பேசுகிற இடத்தில், உறவுக்காரர்கள் சங்கம்!

அப்புறம் அந்தத் தீக்குச்சி. அவள் குச்சியைச் சுவரில் உரசிப் பற்றவைக்கிறாள். ஐந்து கொலைக்கும் ஐந்து தடவை. அம்மா, இந்த ஊரில் செய்கிற குச்சியைச் சுவரில் உரசினால் சுவர்தான் தேயும். பெட்டியின் பக்கவாட்டில் உரசினால்தான் பற்றும், அந்த மருந்து அங்கேதான் இருக்கிறது. இதை எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். எழுதினவர் ஒரு பெட்டியை வாங்கி உரசிப் பார்த்திருக்கலாமே.

எல்லாவற்றையும் விட எனக்கு ஆறாதது என்ன தெரியுமா? அவளுக்குப் பெயர் இல்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் 'அவள்', 'அவள்', 'அவள்'. கடைசியில் தேர்க்கூட்டத்தில் கலந்து காணாமல் போய்விடுகிறாள், யாருக்கும் அவள் யார் என்று தெரியாது, முற்றும். ஊருக்குத் தெரியாமல் ஒரு போராட்டமா? யாரோ ஒருத்தி, எங்கேயோ செய்தாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்?

பின்பக்கத்தில் ஒரு நன்றி இருந்தது. சின்ன எழுத்தில். 'பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு துண்டறிக்கைக்கு நன்றி. இந்தக் கதை அதிலிருந்து பிறந்தது.' அவ்வளவுதான். அதை எழுதினது யார், சங்கம் எது, ஒன்றும் இல்லை. ஒரு துண்டறிக்கையாம்.

அது நான் எழுதினது அம்மா.

முப்பத்துமூன்று வருடம் ஆகிறது. முப்பிடாதி என்று ஒரு பெண், நல்லாங்குளத்துக்காரி, பத்தொன்பது வயது. குச்சி அடுக்குகிற வேலை. கெட்டிக்காரி, குச்சி செருகுகிற கட்டையை அவள் அடுக்குகிற வேகத்தைப் பார்க்க மற்றவர்கள் வேலையை நிறுத்துவார்கள். கணக்கப்பிள்ளை ஒருநாள் அவளைச் சரக்கு அறைக்கு வரச்சொல்லிக் கதவைச் சாத்தினான். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் நாள் சங்க அறைக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றாள். "அக்கா, அவனை என்னமாச்சும் செய்யணும்"னு சொன்னாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நான் செய்தேன். அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதினதிலேயே அதுதான் சிறந்த அறிக்கை. வக்கீல் தோழர் படித்துப் பார்த்துவிட்டு இரண்டே இரண்டு திருத்தம் சொன்னார். ஆபீஸ் பெயரைப் போடாதீர்கள், மானநஷ்ட வழக்குப் போடுவார்கள், 'பிரபல தீப்பெட்டி ஆபீஸ்' என்று மட்டும் போடுங்கள். கணக்கப்பிள்ளை பெயரையும் போடாதீர்கள், 'நிர்வாக ஊழியர் ஒருவர்' என்று போடுங்கள், வழக்கு முடியட்டும். நியாயம்தானே. நான் திருத்தினேன். முப்பிடாதி பெயரை மட்டும் முழுசாகப் போட்டேன். முப்பிடாதி, தகப்பன் பெயர், தெருப் பெயர், நல்லாங்குளம். ஏனென்றால் எங்கள் இயக்கத்தில் அது ஒரு சட்டம் மாதிரி. பாதிக்கப்பட்டவர் பெயர் இல்லாத அறிக்கை மொட்டைக்கடிதம். அதற்கும் சுவரில் கரியால் கிறுக்குவதற்கும் வித்தியாசம் இல்லை. பெயரைப் போட்டால்தான் ஆள் நிமிர்ந்து நிற்பார். அப்படித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், அப்படித்தான் நானும் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

ஐயாயிரம் அடித்தோம். காலையில் ஆபீஸ் வண்டிகள் வந்து நிற்கிற இடத்திலெல்லாம் கொடுத்தோம். அன்றைக்கே எட்டு ஆபீஸில் வேலை நின்றது. நாற்பத்தேழு நாள் அம்மா! கூட்டத்துக்குக் கூட்டம் முப்பிடாதியை மேடையில் நிறுத்தினேன். அவள் பேச மாட்டாள். நான் பேசுவேன், அவள் பக்கத்தில் நிற்பாள். பதினோரு மேடை. ஜனங்கள் அழுதார்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கினோம். பெண் மேற்பார்வையாளர் வாங்கினோம். சரக்கு அறைக்குத் தனியாக யாரையும் கூப்பிடக்கூடாது என்று எழுதி வாங்கினோம். வழக்கு மட்டும் ஜெயிக்கவில்லை. சாட்சிகள் மாறினார்கள். கணக்கப்பிள்ளையை வேறு ஊர் ஆபீஸுக்கு மாற்றினார்கள், அவன் அங்கே இருபது வருடம் வேலை பார்த்து, சர்க்கரை வியாதியில் செத்தான். பெரிய ஊர்வலம் என்று கேள்வி.

முப்பிடாதிக்கு நிச்சயம் ஆகியிருந்த மாப்பிள்ளை வேண்டாம் என்றுவிட்டான். அது அவன் பிற்போக்கு. ஐந்து வருடம் கழித்து வெளியூரில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போனாள். நான் கல்யாணத்துக்குப் போனேன். வாழ்த்துரை வழங்கலாம் என்று எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். கூச்சம்.

இப்போது மூன்று வருடமாக இந்த ஊரில்தான் இருக்கிறாள். புருஷன் இறந்துவிட்டார். மகனுக்கு இங்கே பஸ் டிப்போவில் வேலை. ரேஷன் கடையில் பார்த்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பாள், நின்று பேச மாட்டாள்.

இப்போது புத்தகத்தைத் திறந்து பாருங்கள். எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி.

ம். அதுதான்.

கோபத்தில் செய்தேன் என்று நினைக்காதீர்கள். நிதானமாக, இரண்டு நாள் உட்கார்ந்து, புரூஃப் பார்க்கிற மாதிரி செய்தேன். எங்கெல்லாம் 'அவள்' என்று இருந்ததோ அங்கெல்லாம் அடித்துவிட்டு ஓரத்தில் பெயரை எழுதினேன். முதல் பக்கத்தில் ஊரும் தகப்பன் பெயரும் எழுதினேன். சுவரில் தீக்குச்சி உரசுகிற ஐந்து இடத்திலும் 'தவறு' என்று எழுதினேன். கடைசிப் பக்கத்தில் இடம் இருந்தது, நாற்பத்தேழு நாளையும் சுருக்கமாக எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். இந்தப் புத்தகத்தை இனிமேல் எடுக்கிறவர்களுக்காவது உண்மை தெரியட்டும் என்று. வியாழக்கிழமை கொடுத்துவிட்டுப் போனேன். அன்றைக்கு வெகுநாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

நேற்றுக் காலையில் முப்பிடாதி வீட்டுக்குப் போனேன். அவளிடம் சொல்ல வேண்டாமா? மகன் வேலைக்குப் போயிருந்தான், மருமகளும் போயிருந்தாள். அவள் மட்டும் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா, ஏது இந்தப் பக்கம்"னா.

"உன் கதையை ஒரு ஆள் நாவலா எழுதியிருக்கான்"னேன். "கந்தகக்காரி."

கீரையை முறத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். அவள் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததே இல்லை. சந்தோஷம்!

"நீங்களும் வாசிச்சீகளா? மருமக லைப்ரரில எடுத்துட்டு வந்து எனக்கு வாசிச்சுக் காட்டுனாக்கா. தெனம் வேலவிட்டு வந்து ஒரு அத்தியாயம். அடுப்புல சோறு கொழைஞ்சது கூடத் தெரியாம கேட்டேன். அந்தக் கணக்கப்பிள்ளை சாகுத எடம் வந்துச்சு பாருங்க, சிரிப்பு தாங்கல எனக்கு. மருமக கேக்கா, 'ஏன் அத்தை சிரிக்கீக, கொலைதான நடக்கு'ன்னு. 'சும்மாதான் தாயி, நீ வாசி'ன்னேன். இன்னொருக்க வாசிக்கச் சொன்னேன். மூணு தடவ வாசிச்சா."

"பாதியிலே நின்னுபோச்சுக்கா"ன்னு அவளே சொன்னாள். "யாரோ வேணும்னு சொல்லி வச்சிருக்காகன்னு லைப்ரரில இருந்து போன் வந்துருச்சு. மறுபடி சொல்லி வச்சிருக்கா. நாளைக்கு வாங்கியாந்துருவா. அக்கா, நீங்க முழுசா வாசிச்சிட்டீகள்ல? கடைசில அவ மாட்டிக்கிடுதாளா?"

இப்போது புரிகிறதா அம்மா? அந்த 'யாரோ' நான்தான்.

அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. எனக்குக் கோபம். முப்பது வருடமாக இவளுக்காகத் தொண்டை கிழியப் பேசினேன், ஒருநாள் இவள் இப்படிச் சிரித்ததில்லை. கதையில் ஒருத்தன் செத்தான் என்றதும் மூன்று தடவை வாசிக்கச் சொல்கிறாள். நான் சொன்னேன், "அது மோசமான புத்தகம், முப்பிடாதி. தனியாளா ஒருத்தி கத்தியத் தூக்கிட்டு அலைஞ்சா சமூகம் மாறிருமா? அவளுக்கு ஒரு பேர்கூட வைக்கல பாரு."

"அதான்க்கா எனக்குப் பிடிச்சது"ன்னா.

"எது?"

"பேர் இல்லாதது. யாரா வேணாலும் இருக்கலாம்லா. தெருவுல போறவ, பஸ்ஸுல வாறவ. கடைசி மட்டும் அவ யாருன்னு எவனுக்கும் தெரியப்படாதுன்னு நெனச்சுக்கிட்டே கேட்டேன்."

அப்போதுதான் நான் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன், மறைக்கவில்லை. "கவலப்படாத, நான் எல்லாப் பக்கத்திலயும் உன் பேரை எழுதிட்டேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, அதன் மேலேயே சாய்ந்து நின்றாள்.

"நாளைக்கு மருமக எடுக்கப் போறாளேக்கா."

"எடுக்கட்டுமே. தெரியட்டும், அவ அத்தை யாருன்னு."

"எம்மகனுக்கே தெரியாதுக்கா."

நான் விடவில்லை அம்மா. நான் அப்படிப்பட்ட ஆள், வாதம் என்று வந்துவிட்டால். நீ குற்றவாளி இல்லை, நீ ஏன் ஒளிய வேண்டும், ஒளிய வேண்டியவன் அவன் என்றெல்லாம் பேசினேன். நான் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பு இல்லை. இப்போதும் சொல்கிறேன், தப்பு இல்லை. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள், "அந்த நோட்டீஸ்ல என் பேரப் போடலாமான்னு என்கிட்ட நீங்க கேட்டீகளா?"

"அதுக்குக் கீழ நீதான கைநாட்டு வச்ச?"

"வச்சேன். எனக்கு வாசிக்கத் தெரியுமா?"

கதவில் சாய்ந்தபடியே மேலே சொன்னாள்.

"என் பேரு அதுல இருக்குன்னு எனக்கு எப்பத் தெரியும்னு நெனைக்கீக? ஆபீஸ் வண்டில தெரியும். நோட்டீஸ் குடுத்த அன்னைக்கு விடியுமுன்ன டிரைவர் வெளக்கப் போட்டுக்கிட்டு சத்தமா வாசிச்சான். எங்கய்யா பேரு, தெருப் பேரு, எல்லாம். வண்டிக்குள்ள அம்பது பொம்பளைக. ஒருத்தியாவது என்னைப் பாக்கணுமே. எல்லாவளும் சன்னலப் பாத்துத் திரும்பிக்கிட்டா. வெளிய ஒண்ணுமே இல்ல அக்கா, இருட்டு. இருட்டப் பாத்துக்கிட்டு வந்தாளுக."

இன்னொன்றும் சொன்னாள். "அந்தப் பொஸ்தகத்துல அவன் ஒரு தடவ செத்தான். ஒங்க மேடையில நான் பதினோரு தடவ நின்னேன்."

அவளும் எண்ணி வைத்திருக்கிறாள் அம்மா. நான் மட்டும்தான் எண்ணினேன் என்று நினைத்திருந்தேன்.

அவள் அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், எனக்கு அது பழக்கம். மறுபடி உட்கார்ந்து கீரையை உருவ ஆரம்பித்தாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சந்து முனை வரைக்கும் என்னுடைய வாதத்தையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு போனேன். எந்த இடத்திலும் பிசகு இல்லை. அப்படியே போய்த் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இதோ. புதுப் பிரதி. அதே புத்தகம், அதே பதிப்பு, நான்கு கடை ஏறி இறங்கி வாங்கினது. என் ஆயுசில் நான் வாங்கின முதல் நாவல் இந்தக் குப்பைதான். இதில் உங்கள் முத்திரையைக் குத்துங்கள், எண்ணைப் போடுங்கள். மருமகள் பெயர் மாரிச்செல்வி, பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடை வேலைக்குப் போகிற வழியில் பத்து மணிக்குள் வருவாள். இதை அவளிடம் கொடுங்கள். அந்தப் பழையதை என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

முடியாதா? ஏன்?

ஓ. சேதமான புத்தகம் என்றால் அதையும் என் விளக்கக் கடிதத்தையும் சேர்த்து மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டுமா? அங்கே அதை எத்தனை பேர் புரட்டுவார்கள்? எங்கே போடுவார்கள்? பழைய காகிதக் கடைக்குத்தானே? அம்மா, அந்தத் துண்டறிக்கையும் பழைய புத்தகக் கடைக்குத்தான் போனது. அங்கேயிருந்து எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

வேறு வழி?

தொலைந்துபோனது என்றால் புதுப் பிரதி மட்டும் போதுமா. பழையதைக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் தொலைத்துவிட்டேன் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். உதவியாளர் வரவு வைக்கவில்லையா? ஏட்டில் ஏறவில்லையா? சோம்பேறி மனிதர், நன்றாக இருக்கட்டும்.

ஆனால் அது பொய் அம்மா.

சிரிக்காதீர்கள். எத்தனை மனு எழுதியிருக்கிறேன் தெரியுமா? கலெக்டருக்கு, தாசில்தாருக்கு, மந்திரிக்கு. ஒரு மனுவில்கூட ஒரு பொய் எழுதினதில்லை. அதைச் சொல்லித்தான் நான் இந்த ஊரில் தலையைத் தூக்கி நடக்கிறேன். வேறு என்ன இருக்கிறது என்னிடம்? பூரணம் எழுதினால் உண்மை, அவ்வளவுதான் என் சொத்து.

காகிதம் கொடுங்கள்.

இல்லை, உங்கள் நீலப் பேனாவைக் கொடுங்கள்.

'நூலகர் அவர்களுக்கு. நான் எடுத்துச் சென்ற கந்தகக்காரி என்னும் நாவல் என் கவனக்குறைவால் தொலைந்துவிட்டது. அதற்கு ஈடாகப் புதிய பிரதியை ஒப்படைக்கிறேன். தவறு முழுவதும் என்னுடையது.' சரியா? காரணம் கேட்க மாட்டார்களே? எப்படித் தொலைந்தது, எங்கே, யாரால் என்று? சரி. கீழே என் பெயர். தகப்பன் பெயர். தெரு. ஊர். முழுசாகப் போட்டிருக்கிறேன். பெயர் இல்லாத காகிதத்தை நான் யாரிடமும் கொடுத்ததில்லை.

பழையதை இப்படித் தள்ளுங்கள், பைக்குள் போட்டுக்கொள்கிறேன். இதை வீட்டில் போய் எரிக்க வேண்டும். தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லை.

அம்மா, ஒன்று கேட்கிறேன். வந்ததிலிருந்து நான் உங்களிடம் அந்தப் பெயரை எத்தனை தடவை சொன்னேன்? எண்ணினீர்களா? ஊர்ப் பெயர், மகன் வேலை, மருமகள் பெயர், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இல்லையா? சொல்லாமல் எப்படிக் கதை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நீங்கள் அதை... உங்களுக்குத் தெரியும், நான் என்ன கேட்கிறேன் என்று. சரி. நன்றி.

யாரோ படி ஏறுகிறார்கள். முத்திரையைக் குத்துங்கள், சீக்கிரம். மை காயட்டும், ஊதுங்கள்.

வா தாயி. நான் சும்மா பேப்பர் பார்க்க வந்தேன், என் வேலை முடிந்துவிட்டது. நீ எடு. இதற்குத்தான் வந்தாயா? ஆமாம், புதுசாகத்தான் தெரிகிறது. பழையதை யாரோ தொலைத்துவிட்டார்களாம். யாரோ வயசான ஆள்.

வாசித்திருக்கிறேன், வாசித்திருக்கிறேன். எப்படி இருந்ததா? நல்லா... நல்லாத்தான் இருக்கும் தாயி. வாய்விட்டு வாசிக்கிறதுக்கு நல்லா இருக்கும். அந்தத் தீக்குச்சி விஷயம் மட்டும்... சரி, அது போகட்டும்.

பாதி வாசித்தாயிற்றா? அப்படியானால் மீதியை ஒரே மூச்சில் வாசித்துவிடு, தவணை வைக்காதே. இனிமேல் உன்னிடமிருந்து இதை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். வீட்டில் யாராவது முடிவு என்ன, முடிவு என்ன என்று தவித்துக்கொண்டிருந்தால், போனதும் முதலில் அதைச் சொல்லிவிடு.

அவள் மாட்டிக்கொள்ளவில்லை என்று சொல்லு. கடைசி மட்டும் அவள் யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது.